கண்ணுக்குத் தெரியாத காசு



உங்கள் வீட்டில் வேலைக்குப் போகும் வயதில் ஒரு பிள்ளை இருந்தால் ‘பிட்காயின்’ என்ற சொல் இதற்குள் உங்கள் காதில் விழுந்திருக்கும். கோயில் திருவிழாவிலோ, கல்யாணப் பந்தலிலோ, கோப்பிக் கடையிலோ யாராவது ஒருவர் அதைப் பற்றிப் பேசியிருப்பார். “500 வெள்ளி போட்டேன், மூன்றே மாதத்தில் 2,000 ஆகிவிட்டது” என்று அவர் சொல்லியிருப்பார். போட்ட பணம் போனவர் பந்தலில் வந்து பேசுவதில்லை. அவர் வீட்டோடு இருந்து விடுகிறார். அதனால் நம் காதுக்கு வருவதெல்லாம் வென்றவர் கதையாகவே இருக்கிறது.

தோட்டத்துக் குடும்பத்தின் கைக்கு மொத்தமாகப் பணம் வருவது ஆயுளில் இரண்டு மூன்று தடவைதான். 55 வயதில் எடுக்கும் இ.பி.எப். பணம் ஒன்று. தோட்டம் கைமாறி வேலை நின்று போகும்போது தரும் நஷ்டஈடு ஒன்று. பெண்ணின் கல்யாணத்துக்கென்று கூட்டுக் கட்டிச் சேர்த்த பணம் ஒன்று. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் வீட்டுச் செலவு போக மாதம் 100 வெள்ளி மிச்சம் பிடித்தால் 10,000 வெள்ளி சேர எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அந்த எட்டு வருஷத்து வேர்வையைக் கைபேசியில் ஒரு விரல் தட்டி, ஒரு நிமிஷத்தில் அனுப்பி விடலாம். திரும்ப வருமா என்பதுதான் கேள்வி.

ஆகவே இந்தக் கண்ணுக்குத் தெரியாத காசு என்ன, அதை யார் நடத்துகிறார்கள், அதில் எங்கே பள்ளம் இருக்கிறது என்பதை நீங்களும் தெரிந்து கொள்வது நல்லது. பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். நிதானமாகப் பார்ப்போம்.

வாழைமர நோட்டு சொன்ன பாடம்

முதலில் காசு என்றால் என்ன? உங்கள் பையில் இருக்கும் 10 வெள்ளி நோட்டு ஒரு துண்டுக் காகிதம். அதைக் கொடுத்தால் கடைக்காரர் அரிசி நிறுத்துத் தருகிறார். தான் கொடுத்தாலும் அடுத்தவர் வாங்கிக் கொள்வார் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்கிறது. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் பேங்க் நெகாரா நிற்கிறது. நாட்டின் சட்டம் நிற்கிறது. வரியை இந்த வெள்ளியில்தான் கட்ட வேண்டும் என்று சொல்லும் அரசாங்கம் நிற்கிறது.

அந்த நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதை நம் தாத்தா பாட்டிமார் கண்ணால் கண்டவர்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் இங்கே ஆண்டபோது தங்கள் பெயரில் நோட்டு அச்சிட்டார்கள். 10 வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்ததால் அதற்கு ‘வாழைமர நோட்டு’ என்றே பெயர் வந்தது. தேவைப்பட்டபோதெல்லாம் அச்சடித்தார்கள். கடைசிக் காலத்தில் வரிசை எண்கூட இல்லாமல் நோட்டு வெளிவந்தது. சாமான் விலை ஆகாயத்துக்குப் போயிற்று. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அந்த நோட்டுச் செல்லாது என்றார்கள். பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்தவர் கையில் வெறும் காகிதம் மிஞ்சியது.

இந்தக் கதையில் இரண்டு பாடம் உண்டு. அரசாங்கம் கணக்கில்லாமல் பணம் அச்சிட்டால் பணம் செத்துப் போகும் என்பது ஒன்று. பின்னால் நிற்க ஆளில்லாத பணத்துக்கு ஒரே நாளில் மதிப்பில்லாமல் போகலாம் என்பது இன்னொன்று. கிரிப்டோ நாணயத்தை ஆதரிப்பவர்கள் முதல் பாடத்தை எடுத்துச் சொல்வார்கள். எதிர்ப்பவர்கள் இரண்டாவதைச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

பிட்காயின் பிறந்த கதை

2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெரிய பெரிய வங்கிகள் ஆட்டம் கண்டன. அரசாங்கம் மக்கள் வரிப்பணத்தைக் கொட்டி அவற்றைக் காப்பாற்றியது. “வங்கிக்காரன் சூதாடித் தோற்றதற்கு நாங்களா பணம் கட்டுவது?” என்று உலகமெங்கும் மக்கள் கொதித்தார்கள். அந்த வேளையில், 2008 அக்டோபர் 31-ஆம் தேதி, ‘சத்தோஷி நகமோட்டோ’ என்ற பெயரில் யாரோ ஒருவர் ஒன்பது பக்கத்தில் ஒரு திட்டம் வெளியிட்டார். வங்கியே இல்லாமல் ஒருவர் மற்றவருக்குப் பணம் அனுப்பும் வழி அதில் இருந்தது. 2009 ஜனவரி 3-ஆம் தேதி பிட்காயின் நடைமுறைக்கு வந்தது. அந்த சத்தோஷி ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

அது எப்படி வேலை செய்கிறது? கூட்டு கட்டுகிற உங்களுக்கு இது எளிதில் விளங்கும். கூட்டில் யார் கட்டினார், யார் எடுத்தார் என்ற கணக்கு தலைவி கையில் உள்ள நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். தலைவி நல்லவராக இருந்தால் சரி. அவர் ஒரு நாள் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போனால்? பிட்காயினில் தலைவி இல்லை. அதே நோட்டுப் புத்தகத்தின் நகல் உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. ஒருவர் திருட்டுத்தனமாகத் திருத்தினால் மற்றவர் புத்தகத்தோடு ஒத்துப் போகாது, உடனே தெரிந்துவிடும்.

ஏறக்குறைய பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தப் புத்தகத்தில் புதுப் பக்கம் சேர்கிறது. அந்தப் பக்கத்தை எழுதும் உரிமைக்காகக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக் கணக்குப் போடுகின்றன. வென்றவருக்குப் புதிய பிட்காயின் பரிசு. இதைத்தான் ‘சுரங்கம் தோண்டுதல்’ என்கிறார்கள். மண்வெட்டி இல்லாத சுரங்கம்! பரிசு சுமார் நான்கு வருஷத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். 2024 ஏப்ரல் முதல் ஒரு பக்கத்துக்கு 3.125 பிட்காயின். மொத்தத்தில் 2 கோடியே 10 லட்சம் பிட்காயினுக்கு மேல் எக்காலத்திலும் வராது என்பது விதி. வாழைமர நோட்டைப்போல் இஷ்டத்துக்கு அச்சிட முடியாது என்பதே இதன் பெருமை.

2010 மே மாதம் அமெரிக்காவில் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்ஸா ரொட்டி வாங்கினார். இன்று அந்தப் பிட்காயினை விற்றால் ஒரு பெரிய தோட்டத்தையே வாங்கலாம். இப்படிப்பட்ட கதைகள்தான் நம் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கின்றன.

சும்மா வருகிற காசா?

அந்தப் போட்டிக் கணக்குக்கு இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். கம்ப்யூட்டர் சூடாகும், அதை ஆற்றவும் மின்சாரம் வேண்டும். அதனால் மீட்டரைத் தாண்டிக் கள்ளத்தனமாகக் கம்பி இழுக்கும் கூட்டம் நம் நாட்டில் பெருகிவிட்டது. 2021 ஜூலையில் சரவாக்கின் மீரி நகரில், மின்சாரத் திருட்டில் பிடிபட்ட 1,069 சுரங்க இயந்திரங்களைப் போலீசார் வரிசையாக அடுக்கி, ரோடு போடும் ரோலரை ஏற்றி நசுக்கினார்கள். 2020 முதல் 2025 ஆகஸ்டு வரை 13,000-க்கும் மேற்பட்ட இடங்களில் இத்தகைய திருட்டு கண்டுபிடிக்கப்பட்டதாகவும், தெனாகா நேஷனலுக்கு ஏற்பட்ட நஷ்டம் சுமார் 460 கோடி வெள்ளி என்றும் அரசாங்கம் அறிவித்தது.

இதில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. வீடோ கடையோ வாடகைக்கு விட்டிருந்தால், குடிவந்தவர் ஜன்னலை மறைத்து, இரவும் பகலும் காற்றாடி ஓடும் சத்தம் கேட்டால் சும்மா இருக்காதீர்கள். மின்சாரக் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களாகவே இருப்பீர்கள். கள்ளக் கம்பியில் தீப்பிடித்தால் பக்கத்து வீடும் சேர்ந்து எரியும்.

விலை ஏன் இப்படிக் குதிக்கிறது?

இப்போது பொருளாதாரத்துக்கு வருவோம். கித்தா விலை இறங்கினாலும் பாலைக் கொண்டு டயர் செய்யலாம். செம்பனைக் குலை விலை விழுந்தாலும் எண்ணெய் ஆட்டலாம். வீடு வாடகை தரும். மாடு பால் தரும். பிட்காயின் எதையும் தருவதில்லை. நீங்கள் வாங்கியதற்கு மேல் விலை கொடுக்க இன்னொருவர் வந்தால்தான் லாபம். தங்கமும் ஏறக்குறைய அப்படித்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனாலும் தங்கத்தைப் பெண்ணின் கழுத்தில் போடலாம். அவசரத்துக்கு அடகுக் கடையில் வைக்கலாம். அதன் விலை ஒரே வருஷத்தில் நாலில் ஒரு பங்காக விழுந்ததை நம் தாய்மார் கண்டதில்லை.

பிட்காயின் விழுந்தது. 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் 69,000 அமெரிக்க டாலர்வரை போயிற்று. ஓராண்டு கழித்து, 2022 நவம்பரில், 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது. உச்சத்தில் 10,000 டாலர் போட்டவருக்கு மிஞ்சியது சுமார் 2,300 டாலர். பிறகு மறுபடியும் ஏறியது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. 2025 அக்டோபரில் 1,20,000 டாலரையும் தாண்டி, அடுத்த மாதமே 90,000 டாலருக்குக் கீழே வந்தது.

“பார்த்தீர்களா, பொறுத்தவருக்கு லாபம்தானே?” என்பார்கள். சரி. ஆனால் பொறுக்க முடிந்தவர் யார்? வேறு வருமானம் உள்ளவர். 2022 நவம்பரில் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய தகப்பன் இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்க முடியுமா? விழுந்த விலைக்கு விற்றுத்தான் கட்ட வேண்டும். கித்தா விலை விழுந்த காலத்தில் பெரிய கம்பெனி தாக்குப் பிடித்தது. நாலு ஏக்கர் வைத்திருந்த சிறு தோட்டக்காரர் நிலத்தை விற்றார். அதே நியாயம்தான் இங்கேயும். விலை ஏறி இறங்கும் பொருளில் ஏழைக்கு முதல் எதிரி அவன் தேவைதான். நாளைக்கு வேண்டிய பணத்தை இதில் போடக் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

‘ஆடாத காசு’ என்ற பெயரில் வேறு சில நாணயங்கள் உண்டு. ஒன்று எப்போதும் ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்கும் என்பார்கள். சிலவற்றுக்குப் பின்னால் உண்மையான டாலர் சேமிப்பு இருக்கிறது. சிலவற்றுக்கு வெறும் கணக்குத்தான். சிங்கப்பூரில் பதிவான டெராஃபார்ம் லேப்ஸ் என்ற கம்பெனியின் நாணயம் அப்படிப்பட்டது. வருஷத்துக்கு ஏறக்குறைய 20 விழுக்காடு வட்டி என்று ஆசை காட்டினார்கள். 2022 மே மாதத்தில் சில நாட்களில் அது சரிந்தது. சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு காற்றில் கரைந்தது. அதைத் தொடங்கிய டோ குவோன் 2025 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக் கொண்டார்.

அரசாங்கங்கள் என்ன செய்தன?

எல் சால்வடோர் என்பது மத்திய அமெரிக்காவில் உள்ள ஒரு சின்ன நாடு. அந்நாட்டு மக்களில் ஏராளமானோர் அமெரிக்காவில் பிழைக்கிறார்கள். ஒரு காலத்தில் நம்மவர்கள் ஊருக்கு மணியார்டர் அனுப்பினார்களே, அதைப்போல அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம்தான் அந்நாட்டின் உயிர்நாடி. அனுப்பும் கூலி மிச்சமாகும் என்று சொல்லி, 2021 செப்டம்பர் 7-ஆம் தேதி அந்த அரசாங்கம் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கியது. உலகிலேயே முதல் நாடு அதுதான். கைபேசியில் பதிவு செய்தவர்களுக்கு 30 டாலர் இனாமும் கொடுத்தது. பலர் இனாமைச் செலவழித்துவிட்டு, வழக்கம்போல் அமெரிக்க டாலருக்கே திரும்பினார்கள். பிறகு நாட்டுக்குக் கடன் தேவைப்பட்டது. 2024 டிசம்பரில் அனைத்துலகப் பண நிதியம் 140 கோடி டாலர் தர ஒப்புக் கொண்டபோது பிட்காயின் விஷயத்தில் நிபந்தனை போட்டது. 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர் விரும்பினால் வாங்கலாம், கட்டாயம் இல்லை என்றார்கள். அரசாங்கமே முன்னின்று சொன்னாலும் சாமானியர் மனம் ஆடுகிற காசை நம்பவில்லை.

சீனா 2021 செப்டம்பரில் கிரிப்டோ வியாபாரம் முழுவதையும் தடை செய்தது. இந்தியா தடை செய்யாமல், 2022 முதல் லாபத்தில் 30 விழுக்காடு வரி போட்டது. உக்ரேன் மீது 2022 பிப்ரவரியில் போர் மூண்டபோது அந்நாட்டு அரசாங்கம் உலக மக்களிடம் கிரிப்டோ நாணயமாகவே நன்கொடை கேட்டுப் பெற்றது. சொந்த நாட்டுப் பணம் வாரா வாரம் மதிப்பிழக்கும் நாடுகளில் மக்கள் இதை ஒரு புகலிடமாகப் பிடித்துக் கொள்வதும் உண்டு. ஆகவே இது முழுக்க மாயம் என்று தள்ளிவிடுவதும் சரியாகாது.

நம் நாட்டின் நிலை என்ன? மலேசியாவில் கிரிப்டோ நாணயம் சட்டப்படி செல்லும் பணம் ஆகாது என்று பேங்க் நெகாரா தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் வாங்குவதும் விற்பதும் குற்றமில்லை. 2019 ஜனவரி முதல் இந்த வியாபாரத்தைப் பங்குப் பத்திர ஆணையம் கண்காணிக்கிறது. அதனிடம் பதிவு பெற்ற சந்தைகள் சிலவே உள்ளன. பெயர் பெரியது என்பதற்காக அனுமதி உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். உலகின் மிகப் பெரிய சந்தையான பைனான்ஸ் மீதே 2021 ஜூலையில் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. சிங்கப்பூரில் 2022 ஜனவரி முதல் பொது இடங்களில் கிரிப்டோ விளம்பரம் செய்யக் கூடாது என்று நிதி ஆணையம் கட்டளையிட்டது.

இன்னொன்றைக் கவனியுங்கள். வங்கியில் போட்ட பணத்துக்கு, அந்த வங்கி மூழ்கினாலும், மலேசியாவில் ஒருவருக்கு 2,50,000 வெள்ளி வரையிலும், சிங்கப்பூரில் 1,00,000 சிங்கப்பூர் வெள்ளி வரையிலும் காப்புறுதி உண்டு. கிரிப்டோவுக்கு அப்படிப்பட்ட காப்பு கிடையாது. 1986-ஆம் ஆண்டை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மக்களிடம் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் அந்த ஆண்டில் முடக்கப்பட்டன. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் சிக்கியது. அப்போதாவது பேங்க் நெகாரா தலையிட்டுப் பணத்தை மீட்கும் வழி தேடியது. சங்கத்தின் கதவைத் தட்டவாவது ஓர் இடம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத காசுக்குக் கதவு எங்கே இருக்கிறது?

சாவி யார் கையில்?

பிட்காயினின் கணக்குப் புத்தகத்தைத் திருத்துவது மிகக் கடினம் என்று சொன்னோம். திருட்டு நடப்பது சாவி இருக்கும் இடத்தில். உங்கள் காசைத் திறக்க ஒரு ரகசிய எண் உண்டு. அதை 12 அல்லது 24 சாதாரணச் சொற்களாக எழுதித் தருவார்கள். அந்தச் சொற்களை வைத்திருப்பவரே காசுக்குச் சொந்தக்காரர். அடையாள அட்டை கேட்கமாட்டார்கள்; கையெழுத்துப் பார்க்கமாட்டார்கள். தொலைத்துவிட்டால் புதிதாகப் போட்டுத் தர ஒரு கிராணியும் இல்லை. பிரிட்டனில் நியூபோர்ட் நகரத்தவர் ஒருவர் 2013-இல் பழைய கம்ப்யூட்டரின் உறுப்பு ஒன்றைக் குப்பையில் போட்டுவிட்டார். ஏறக்குறைய 8,000 பிட்காயினின் சாவி அதில்தான் இருந்ததாம். குப்பை மேட்டைத் தோண்ட அனுமதி கேட்டுப் பல வருஷம் நடையாக நடந்தும் கிடைக்கவில்லை.

சாவியை நாமே வைத்துக் கொள்ளப் பயந்து, பெரும்பாலோர் சந்தை நடத்தும் கம்பெனியிடமே காசை விட்டு வைக்கிறார்கள். அதிலும் ஆபத்து உண்டு. ஜப்பானில் இருந்த மவுண்ட் காக்ஸ் 2014 பிப்ரவரியில் மூடியபோது சுமார் 8,50,000 பிட்காயின் காணாமல் போயிருந்தது. பிறகு 2,00,000 மட்டும் கிடைத்தது. எஃப்.டி.எக்ஸ். என்ற சந்தை 2022 நவம்பரில் திவாலானது. வாடிக்கையாளர் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காக அதன் முதலாளி சாம் பேங்க்மன் ஃப்ரீடுக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறை விதித்தார்கள். அந்தக் கம்பெனியில் சிங்கப்பூரின் தெமாசெக் போட்டிருந்த 27 கோடியே 50 லட்சம் டாலரும் போனது போனதுதான். பட்டம் பெற்ற கணக்கர்களையும் வழக்கறிஞர்களையும் வைத்துச் சோதித்துப் பார்க்கும் தெமாசெக்கே ஏமாந்தது என்றால், கைபேசியில் வந்த படத்தைப் பார்த்து நாம் எப்படி எடை போடுவது?

2024 ஜூலையில் இந்தியாவின் வசீர்எக்ஸ் சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் களவு போயிற்று. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற சந்தையிலிருந்து ஏறக்குறைய 150 கோடி டாலர் ஒரே நாளில் திருடப்பட்டது. திருடியது வட கொரியா என்று அமெரிக்க எஃப்.பி.ஐ. அறிவித்தது. ஒரு நாட்டின் படையே திருட வந்தால் நம் பூட்டு எம்மாத்திரம்!

பெயர் மட்டும் கிரிப்டோ

இதுவரை சொன்னது உண்மையான கிரிப்டோ நாணயத்தின் ஆபத்து. தோட்டத்துக்கும் தாமானுக்கும் தேடி வருவது பெரும்பாலும் போலி. ‘ஒன்காயின்’ என்ற பெயரில் 2014 முதல் உலகமெங்கும் கூட்டம் போட்டு விற்றார்கள். ஆள் சேர்த்தால் கமிஷன். 400 கோடி டாலருக்கு மேல் வசூலானது. உள்ளே பார்த்தால் அப்படியொரு நாணயமே இல்லை! அதன் தலைவி ருஜா இக்னடோவா 2017-இல் தலைமறைவானார், 2022-இல் எஃப்.பி.ஐ. மிகவும் தேடப்படும் பத்துப் பேரின் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது.

“மாதம் 20 விழுக்காடு லாபம் நிச்சயம்” என்று யாராவது சொன்னால், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 வெள்ளி மாதம் 20 விழுக்காடு வீதம் வளர்ந்தால் ஒரு வருஷத்தில் 8,900 வெள்ளி ஆகும். ஐந்து வருஷத்தில் 5 கோடியே 60 லட்சம் வெள்ளியைத் தாண்டும். இப்படிக் காய்க்கும் மரம் ஒருவரிடம் இருந்தால் அவர் உங்கள் 1,000 வெள்ளியைத் தேடி லயத்து வாசலுக்கு வருவாரா? நம் இ.பி.எப். 2024-ஆம் ஆண்டுக்குக் கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு, அது வருஷத்துக்கு!

தந்திரங்கள் பல விதம். முகம் தெரியாத ஒருவர் கைபேசியில் “தவறான எண்ணுக்கு வந்துவிட்டது, மன்னிக்கவும்” என்று தொடங்குவார். வாரக்கணக்கில் அன்பாகப் பேசுவார். பிறகு தன் லாபத்தைக் காட்டுவார். முதலில் நீங்கள் 200 வெள்ளி போட்டால் 260 ஆகத் திருப்பியும் கொடுப்பார்கள். அது தூண்டிற்புழு. பெரிய தொகை போட்ட பிறகு எடுக்கப் போனால், “முதலில் வரி கட்டு, பிறகு கட்டணம் கட்டு” என்று இன்னும் கறப்பார்கள். அதற்கும் பிறகு, “போன பணத்தை மீட்டுத் தருகிறோம்” என்று வேறொருவர் வருவார். அவரும் அதே கூட்டம்தான்.

இந்தக் கூட்டங்கள் கம்போடியாவிலும் மியன்மாரிலும் வேலி போட்ட கட்டடங்களுக்குள் இயங்குகின்றன. நல்ல சம்பளம் என்று நம்பிப் போன மலேசிய இளைஞர்களையே அங்கே அடைத்து வைத்து, அடித்து, ஏமாற்று வேலை செய்ய வைத்த சம்பவங்கள் உண்டு. ஆகவே “வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை, படிப்புத் தேவையில்லை, டிக்கெட் நாங்களே தருகிறோம்” என்று உங்கள் மகனுக்குச் செய்தி வந்தால் பயணப் பையை எடுத்து வைக்குமுன் விசாரியுங்கள். அதைப்போல, “உன் வங்கி அட்டையைக் கொடு, மாதம் 500 வெள்ளி தருகிறேன்” என்பவரிடமும் எச்சரிக்கை. திருட்டுப் பணம் அந்தக் கணக்கில் புகுந்தால் போலீஸ் வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பிள்ளைகள் கிரிப்டோ பற்றிப் பேசினால் அதட்டி வாயை அடைக்காதீர்கள். அதட்டினால் ஒளிந்து செய்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “எங்கே வாங்குகிறாய், காட்டு” என்று கேளுங்கள். அந்தச் சந்தை பங்குப் பத்திர ஆணையத்தின் பதிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆணையம் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள். பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு எண்ணை அனுப்புமுன் போலீசாரின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் சோதிக்கலாம். கம்பெனிக்கென்று சொல்லிவிட்டுத் தனி ஆளின் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

2024 மே மாதம் முதல் இ.பி.எப். சந்தாவில் 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கில் சேர்கிறது. ஆத்திர அவசரத்துக்கு அது நல்ல உதவி. ஏமாற்றுக்காரர்களுக்கும் அந்தச் செய்தி தெரியும் என்பதை மறவாதீர்கள். முதலீடு செய்ய அந்தப் பணத்தை எடுக்கச் சொல்பவர் எவராயினும், சொந்தக்காரராயினும், ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். உண்மையான வாய்ப்பு ஒரு வாரத்தில் ஓடிப் போகாது. கடன் வாங்கிப் போடுவது கூடவே கூடாது. ஆலோங்கிடம் வாங்கிப் போட்டால் காசு ஒரு பக்கம் போகும். வட்டி வாசலுக்கு வரும்.

உண்மையாகவே ஆசையிருந்தால், போனால் அழாத தொகையை மட்டும், பதிவு பெற்ற சந்தையில் போடட்டும். ரகசியச் சொற்களைக் கைபேசியில் படம் எடுத்து வைக்க வேண்டாம். காகிதத்தில் எழுதி, நகை வைக்கும் இடத்தில் வையுங்கள். அவற்றைக் கேட்பவர் யாராயிருந்தாலும் திருடர்தான்.

ஏமாந்துவிட்டால்? வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். மலேசியாவில் உடனே உங்கள் வங்கிக்கும், 997 என்ற எண்ணுக்கும் போன் செய்யுங்கள். சிங்கப்பூரில் 1799. பிறகு போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். பணம் வங்கிக் கணக்கில் இருக்கும்வரை நிறுத்தி வைக்க வழி உண்டு. அது கிரிப்டோவாக மாறி எல்லை தாண்டிவிட்டால் பிடிப்பது வெகு கடினம். ஆகவே மணிக்கணக்குத்தான் முக்கியம். பணத்தை இழந்த மகனோ மகளோ வந்து சொன்னால் முதலில் போனை எடுங்கள். திட்டுவதைப் பிறகு வைத்துக் கொள்ளலாம். பணம் போன துக்கத்தை விட, வீட்டில் சொல்ல முடியாத தனிமைதான் பிள்ளைகளைத் தவறான முடிவுக்குத் தள்ளுகிறது.

மூன்று கேள்விகள்

தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தன. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அவர்களும் தெரியாத ஒன்றில்தான் துணிந்து பணம் போட்டார்கள். ஆனால் அந்த நிலத்தில் காலால் நடந்து பார்க்க முடிந்தது. ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்க முடிந்தது. பணத்தைப் பெற்றவர் பெயரும் முகமும் ஊருக்கே தெரிந்திருந்தது.

அந்த முன்னோர் படிக்காதவர்களாக இருந்தாலும் பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். நீங்களும் அதையே கேளுங்கள். என் பணம் யாரிடம் போகிறது? அதைக் கொண்டு என்ன வாங்கினார்கள் என்று நான் பார்க்க முடியுமா? நாளைக்கு அது போய்விட்டால் நான் எந்தக் கதவைத் தட்டுவது?

இந்த மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்கும்வரை பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.